பொறுத்தல் வேறு, மறைத்தல் வேறு



தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமை எனும் பொறுமைக்கு உரியது. பொறுமையைப் போற்றும் இல்லங்களில் முதியோர் தம் உடல்நோவை வாய்விட்டுச் சொல்லாத வழக்கமும் உடன் வளர்ந்துவிடுகிறது. இடுப்பு மூட்டில் அறுவை செய்துகொண்டு ஓராண்டு கடந்தும் வலி நீங்காதவர், நலம் விசாரிப்போரிடம் 'எல்லாம் சரியாகிவிட்டது' என்கிறார். கேட்டவர் மகிழ்ந்து செல்கிறார். வலி மட்டும் அவருடன் தங்கிவிடுகிறது. இது பொறுமையா, மறைப்பா என்பதை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இக்கால முறையிலான இடுப்பு மூட்டு மாற்று அறுவையை 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நிலைநிறுத்தினார். உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட அவ்வமைப்பு, படுக்கையே கதியென்று கிடந்த பலரை எழுந்து நடக்கச் செய்தது. ஆயினும் அதன் பயன் எல்லோர்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இவ்வறுவைக்குப்பின் நெடுநாள் வலியால் வருந்துவோர் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை இருப்பதாகக் காட்டிற்று. ஆகவே வலி நீடிப்பது ஒருவருடைய மனத்தளர்ச்சியும் அன்று, குற்றமும் அன்று. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அறுவைக்குப்பின் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே கொள்கிறது.

வலியை மறைப்பதன் விளைவு யாது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. ஏஎஸ்ஆர் எனும் செயற்கை இடுப்பு மூட்டில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்தது. அவ்வுராய்வில் கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து தசையிலும் குருதியிலும் கலந்தன. அதைச் செய்த டெபுய் நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அம்மூட்டுடன் ஏறத்தாழ 4,700 அறுவைகள் நடந்திருந்தன. நடுவண் அரசு 2017-ல் டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தபோது, அவர்களுள் பெரும்பாலோரைக் கண்டறியவே இயலவில்லை. தம் உடலுக்குள் இருப்பது எந்த மூட்டு என்பதை அறியாமலே வலியுடன் வாழ்ந்தோர் அவர்களுள் இருந்திருக்கக்கூடும்.

இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் எளியது. பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் அறுவைக் குறிப்புகளையும் வீட்டுப் பத்திரம் போல் காத்தல் வேண்டும். அதனினும் முதன்மையானது, வலியைத் தெளிவாகச் சொல்லுதல். 'வலிக்கிறது' என்ற ஒரு சொல் மருத்துவர்க்குப் போதாது. கவட்டிலா, தொடையிலா, இடுப்பின் வெளிப்புறத்திலா? எழுந்து வைக்கும் முதல் சில அடிகளிலா, ஓய்விலும் இரவிலுமா? முதலடி வலி மூட்டு தளர்ந்ததைக் குறிக்கலாம். ஓயாத இரவு வலி தொற்றைக் குறிக்கலாம். வெளிப்புற வலி தசைநாணிலிருந்து எழலாம். சில வேளை முதுகெலும்பின் நோவே இடுப்பில் தோன்றும். காய்ச்சல், தழும்பில் கசிவு, திடீரென ஊன்ற இயலாமை, காலின் நீளமோ திசையோ மாறுதல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

எல்லாச் சோதனைகளும் முடிந்து, மூட்டில் பழுதில்லை என்று தெளிந்த பின்னும் வலி தொடர்வதுண்டு. புண் ஆறியும் நரம்புகள் எச்சரிக்கை ஒலியை நிறுத்தாத நிலை அது. அப்பொழுதுதான் பொறுமைக்கு உண்மையான பணி தொடங்குகிறது.

ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் இப்பணி மேலும் கடினமானது. அங்கே அண்டை வீட்டுக்குச் செல்வதும் ஒரு ஏற்றம், காப்பித் தோட்டத்துக்குச் செல்வதும் ஓர் இறக்கம். சிறப்பு மருத்துவரைக் காணச் சேலத்துக்கு இறங்கவேண்டுமாயின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் குறுக்கிடுகின்றன. அத்தகைய நிலத்தில் வாழ்வோர்க்குச் சில நெறிகள் கைகொடுக்கும். ஊன்றுகோலை வலியுள்ள பக்கத்தில் பிடிப்பதே பலர் வழக்கம். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தாலே இடுப்பின் சுமை குறையும். படி ஏறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் வலியுள்ள கால் முன்னே செல்லவேண்டும். வலி வந்தபின் உட்காராமல், வருமுன் குறித்த நேரத்தில் ஓய்வெடுக்கவேண்டும். நன்றாயிருக்கும் ஒரு நாளில் எல்லா வேலையையும் முடிக்க முனைந்து அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதைவிட, நாள்தோறும் அளவாக நடந்து அதைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நலம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டியதில்லை.

பர்வ நாட்களில் கருதவேண்டிய சிலவும் உண்டு. வலிநீக்கிகளுள் வீக்கம் தணிக்கும் வகையைச் சேர்ந்தவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லவை. வெறும் வயிற்றிலும், நீரும் அருந்தாத உபவாசத்திலும் அத்தீங்கு பெருகும். உபவாசம் ஏற்குமுன் மருத்துவரிடம் சொல்லவேண்டும். சூரியன் மறைந்தபின் உண்ணாதோர் மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப அவரிடமே கேட்டு அமைத்துக்கொள்ளவேண்டும். சாமாயிகத்தில் பத்மாசனமோ சம்மணமோ இட்டு அமரலாமா என்பதும் அறுவை செய்த மருத்துவர் சொல்லத்தக்கதே. நாற்காலியில் அமர்ந்தவரின் சமநிலை தரையில் அமர்ந்தவரின் சமநிலைக்குக் குறைந்ததன்று. ஆலயத்தில் முதியோர் ஒருவர் நாற்காலி கேட்கும் முன்னரே அதை எடுத்து இடுவது இளையோர் செய்யத்தக்க சிறந்த வையாவிருத்தியம்.

ஓயாமல் தன் வேதனையையே எண்ணிச் சுழல்வதை ஆர்த்தத்தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாக ஜைன நூல்கள் வைத்துள்ளன. நோவு வருவது வேறு, நோவிலேயே மனம் குடியிருப்பது வேறு என்று பகுத்த பார்வை அது. இன்றைய வலி மருத்துவமும் அச்சம் வலியைப் பெருக்குகிறது என்றும், உறக்கமும் அளவான இயக்கமும் மனம் பற்றும் நல்ல வேலையும் அதைத் தணிக்கின்றன என்றும் கூறுகிறது. ஆனால் வாய்திறந்து சொல்லாத வலி மனத்துக்குள்ளேயே சுழலும். சொல்லப்பட்ட வலிக்கு மருந்து உண்டு, துணை உண்டு, ஓய்வுக்கு இடமுண்டு.

ஆகவே, இப்பர்வ நாளில் இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் வீட்டு முதியோரிடம் 'நலமா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'எங்கே வலிக்கிறது, எப்பொழுது வலிக்கிறது?' என்று அருகமர்ந்து கேட்பாராக. அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு செவிமடுப்பாராக. க்ஷமை நோயுற்றவர்க்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. கேட்பவர்க்கும் அது உரியது.