இரண்டு கணக்கேடுகள் ஒன்றாகும்போது

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தமிழர் வழங்கும் பழமொழி. அளந்தால் மட்டும் போதாது, அளந்ததை எழுதியும் வைத்தல் வேண்டும் என்று கண்டவர் வணிகர். 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே லூக்கா பாச்சியோலி என்னும் துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். அந்நகரத்து வணிகர் கையாண்டு வந்த இரட்டைப்பதிவு முறையை அந்நூலில் அவர் விளக்கியிருந்தார். ஓரிடத்தை விட்டுப் போகும் பணம் வேறோரிடத்திற்கு வந்து சேர்ந்தே தீரும். ஆதலின் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. இதுவே அம்முறையின் உயிர்நாடி.

வணிகரின் பேரேட்டிலே பயின்ற இம்முறை, கணினியின் வழியாக வீட்டுக் கணக்கிலும் புகுந்தது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே தோன்றிய இன்ரூயிற் நிறுவனம், குவிக்கன் என்னும் மென்பொருளால் பெயர் பெற்றது. 1991இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் மணி என்னும் மென்பொருளை வெளியிட்டது. 1998இல் எவரும் விலையின்றிப் பெறக்கூடிய குனூகாஷ் வெளிவந்தது. வங்கிக் கணக்கு, கைக்காசு, கடன் அட்டை, சேமிப்பு ஆகிய அனைத்தையும் ஒரு கோப்பிலே எழுதி, மாத முடிவில் வரவு செலவை ஒரு நொடியிற் காண்பதற்கு இத்தகைய மென்பொருள்கள் உதவுகின்றன.

கணக்கை ஒரு கோப்பிலே எழுதும்வரை இடர் பெரிதாக இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புக்களை ஒன்றாக்க முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. அத்தேவை பல வழிகளில் எழும். கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி வந்த கணக்கைக் குடும்பக் கணக்காக்க விரும்பலாம். ஆண்டுக்கொரு கோப்பாக எழுதியவர் பத்தாண்டு வரலாற்றை ஒருசேரக் காண விரும்பலாம். மென்பொருளே நின்றுவிடுதலும் உண்டு. மைக்ரோசொப்ற் நிறுவனம் மணி மென்பொருளின் விற்பனையை 2009இல் நிறுத்திற்று. நெடுங்காலம் அதிலே கணக்கெழுதியோர் பலர் வேறு மென்பொருளுக்குத் தம் பதிவுகளைக் கொண்டு செல்லவேண்டியவராயினர்.

இரண்டு குடத்து நீரை ஓர் அண்டாவிலே ஊற்றுவதுபோல, இரண்டு கோப்பையும் ஒன்றிலே கொட்டினாற் போதாதா எனச் சிலர் எண்ணுவர். போதாது. நீரிலே ஒரு துளி இரண்டு குடங்களில் இருத்தல் இயலாது. கணக்கிலோ ஒரே நிகழ்ச்சி இரண்டு ஏடுகளில் எழுதப்பட்டிருத்தல் இயல்பு. ஒரு நிகழ்ச்சி ஒருமுறையே எண்ணப்படல் வேண்டும் என்பதே கணக்கேடுகளை இணைப்பதன் முதல் விதி.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குடும்பத்திலே கணவன் மாதம் 120,000 ரூபா சம்பளம் பெறுகின்றான். அதில் 40,000 ரூபாவை மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, தன் கோப்பிலே வீட்டுச் செலவு என எழுதுகின்றான். தன் கையாற் செலவிடுவது 60,000 ரூபா. மனைவி தன் கோப்பிலே 40,000 ரூபாவை வரவாக எழுதி, மளிகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாக 35,000 ரூபா செலவிடுகின்றாள். இரண்டு கோப்பையும் அப்படியே சேர்த்தால், குடும்பத்தின் வரவு 160,000 ரூபா என்றும், செலவு 135,000 ரூபா என்றும் காட்டும். உண்மையில் வரவு 120,000, செலவு 95,000. மிச்சம் இரண்டு வழியிலும் 25,000 ரூபாவே. மீதி சரியாக இருக்கின்றது. ஆயினும் வரவும் செலவும் பொய்யாக வீங்கிவிட்டன. மீதி சரியானமையினாலேயே இப்பிழை எவர் கண்ணிலும் படாமல் மறைந்து கிடக்கும். அடுத்த ஆண்டுச் செலவைத் திட்டமிடும் குடும்பம், செய்யாத செலவைக் குறைக்க வழிதேடி மயங்கும்.

ஒருவர் சட்டைப்பையிலிருந்து மற்றவர் பணப்பைக்குப் போன பணம் குடும்பத்திற்கு வரவுமன்று, செலவுமன்று, வெறும் இடமாற்றமே. கணவனின் கோப்பில் உள்ள அச்செலவுப் பதிவை மனைவியின் கணக்குக்குச் சென்ற இடமாற்றம் எனத் திருத்தி, மனைவியின் கோப்பில் உள்ள வரவுப் பதிவை நீக்குதல் வேண்டும். அவ்வாறு செய்தால் ஒரே பதிவு இரண்டு கணக்குகளிலும் தோன்றும். பாச்சியோலி விளக்கிய இரு பக்கங்கள் இங்கே முறையாகப் பொருந்துகின்றன.

இருவருமே அதனை இடமாற்றம் என்று எழுதியிருப்பின் வேறொரு பிழை நேரும். நீக்காமல் இணைத்தால், கணவன் கணக்கிலிருந்து 80,000 ரூபா குறைந்ததாகவும் மனைவி கணக்கில் 80,000 ரூபா கூடியதாகவும் காட்டும். இங்கும் மொத்தம் மாறாது. ஆயினும் வங்கிக் கூற்றை எடுத்து ஒப்பிட்ட மாத்திரத்தில் இப்பிழை வெளிப்பட்டுவிடும்.

இவற்றினும் கொடியது தொடக்க மீதியால் வரும் பிழை. ஒருவர் 2023ஆம் ஆண்டுக் கோப்பை 85,000 ரூபா மீதியோடு முடித்து, 2024ஆம் ஆண்டுக் கோப்பை அதே 85,000 ரூபாவைத் தொடக்க மீதியாக எழுதி ஆரம்பிக்கின்றார் எனக் கொள்வோம். அது புதிய பணமன்று. பழைய கோப்பின் இறுதிச் சொல்லே புதிய கோப்பின் முதற்சொல்லாயிற்று. இரண்டையும் இணைக்கும்போது தொடக்க மீதியை நீக்க மறந்தால், உலகில் எங்குமே இல்லாத 85,000 ரூபா கணினித் திரையிலே தோன்றும். பத்தாண்டுக் கோப்புக்களை இணைப்பவருக்கு இத்தகைய மாயப்பணம் ஒன்பது முறை தோன்றலாம். அப்பணத்தை நம்பி மகளின் மேற்படிப்புக்கு நாள் குறித்த குடும்பத்தின் நிலை யாதாகும்?

இனி, பதிவுகள் ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியையும் அறிதல் நன்று. குவிக்கன் மென்பொருளோடு வழக்குக்கு வந்த கியூ.ஐ.எவ். என்னும் பரிமாற்ற அமைப்பு மிக எளியது. அதில் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் அவ்வரியின் பொருளைச் சொல்லும். டி என்றால் நாள். ரி என்றால் தொகை. பி என்றால் பணம் பெற்றவர். எல் என்றால் செலவின வகை. எல் வரியிலே சதுர அடைப்புக்குள் ஒரு கணக்கின் பெயர் காணப்பட்டால், அது செலவன்று, அக்கணக்குடன் நிகழ்ந்த இடமாற்றம் என்பது குறிப்பு.

இவ்வமைப்பிலே இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நாள் எழுதும் வரிசை அதில் வரையறுக்கப்படவில்லை. 03/04/2024 என்பதை இலங்கையர் ஏப்ரில் 3 என்று படிப்பர்; அமெரிக்கர் மார்ச் 4 என்று படிப்பர். பதினைந்தாம் மாதம் என ஒன்றில்லாமையால் 15/04 என்பதைக் கணினி ஐயுறும்; பன்னிரண்டுக்கு உட்பட்ட நாளோ ஓசையின்றி வேறு மாதத்துக்குப் போய்விடக்கூடும். மற்றது, பதிவுகளுக்குத் தனி அடையாள எண் இல்லாமை. 1997இல் இன்ரூயிற், மைக்ரோசொப்ற், செக்பிறீ ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி வெளியிட்ட ஓ.எவ்.எக்ஸ். என்னும் அமைப்பு இக்குறையை நீக்க உதவிற்று. அதில் வங்கி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஓர் அடையாளக் குறி இடுகின்றது. அதே குறி அதே கணக்கில் மீண்டும் வந்தால், இது முன்னரே எழுதப்பட்டது என்று மென்பொருள் அறிந்துகொள்ளும்.

அடையாளக் குறி இல்லாதவிடத்து, தொகையையும் நாளையும் பெயரையும் ஒப்பிட்டே கணினி ஊகிக்கும். ஒரே நாளில் ஒரே கட்டணத்திற்கு இருமுறை பேருந்தில் ஏறியவரின் இரண்டு பதிவுகளை அது ஒன்றென மயங்கலாம். மாத இறுதியில் எழுதப்பட்டு, அடுத்த மாதத் தொடக்கத்தில் வங்கியில் மாறிய காசோலையை இரண்டென மயங்கலாம். இவ்விடங்களில் முடிவு கூறவேண்டியவர் மனிதரே.

ஆகவே இணைப்பு வேலைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலாவது, இரண்டு கோப்புக்களுக்கும் பிரதி எடுத்துத் தனியிடத்தில் வைத்தல். இரண்டாவது, ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் ஒவ்வொரு கணக்கிலும் இருந்த மீதியைத் தாளிலே எழுதிக்கொள்ளுதல். மூன்றாவது, பெயர்களை ஒத்திசையச் செய்தல். ஒரு கோப்பிலே மின்சாரம் என்றும் மற்றதிலே மின்கட்டணம் என்றும் இருந்தால், இணைத்த பின்னர் ஒரே செலவு இரண்டாகப் பிரிந்து நிற்கும். நான்காவது, பழமையும் நிறைவும் உள்ள கோப்பை ஏற்கும் ஏடாகக் கொண்டு, மற்றதிலுள்ள கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருதல். ஒவ்வொரு கணக்கும் வந்தவுடன், மிகையான தொடக்க மீதியையும் இரட்டித்த இடமாற்றங்களையும் நீக்கி, தாளிலே எழுதிய மீதியோடும் வங்கிக் கூற்றோடும் ஒப்பிடுதல் வேண்டும். ஒரு சதம் வேறுபட்டாலும் அங்கேயே நின்று காரணம் தேடுக. வேறுபாட்டைச் சரிக்கட்டுதற்கென ஒரு பொய்ப்பதிவை எழுதி மேலே செல்பவர், பிழையைத் தீர்ப்பவரல்லர். அதற்குப் போர்வை போர்த்துபவர்.

மீதி ஒத்த பின்னரும் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. முற்கூறிய 160,000 ரூபாவைப் போல, மீதிக்குள் அகப்படாத பிழைகள் உண்டு. ஆதலின் ஆண்டின் மொத்த வரவை எடுத்து, அது குடும்பத்தினுள்ளே புறத்திலிருந்து உண்மையாக வந்த பணந்தானா என்று நோக்குதல் வேண்டும். இதற்கு இருவரும் ஒருங்கே அமர்தல் நலம். மனைவி பிற என்று எழுதிய 5,000 ரூபா தாயின் மருந்துக்குப் போயிற்றா, சீட்டுக்குப் போயிற்றா என்பதைக் கணினி அறியாது; அவளே அறிவாள். ஒருவர் மற்றவரின் ஏட்டை அவர் அறியாமல் எடுத்து இணைத்தால், தொகைகள் பொருந்தினும் மனங்கள் பொருந்தா.

எல்லா ஏடுகளையும் இணைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒருவருடையனவே ஆயினும், வெவ்வேறாக நிற்றலே கணக்கியலின் நெறி. காலமானவர் ஒருவரின் கணக்கையும் உடனே பிள்ளைகளின் கணக்கோடு கலத்தல் தகாது. அவர் மறைந்த நாளன்று இருந்த மீதியும் கடனும் தனியே தெளிவாக நின்றால், பின்னர் உடன்பிறந்தாரிடையே எழும் பல ஐயங்கள் முளையிலேயே தீரும்.

இணைப்பு முற்றிலும் சரியாக முடிந்த பின்னரும் பழைய கோப்புக்களை அழித்துவிடலாகாது. வங்கிக் கூற்றோடு ஒத்துப் பார்த்ததற்கான அடையாளங்களும், எழுதியவர் இட்ட சிறு குறிப்புக்களும் மாற்றத்திலே உதிர்ந்து போதல் கூடும். புதிய ஏடு இனி நடக்கவிருப்பதற்கு உதவும். நடந்தவற்றுக்குச் சான்று கூறப் பழைய ஏடுகள் வேண்டும். கூட்டலைக் கணினி பிழையின்றிச் செய்யும். எதனைக் கூட்டலாம், எதனைக் கூட்டலாகாது என்று தெளிவது கணக்கை எழுதியவரின் கடமை.