எந்த அடுக்கில் கிடைத்தது?

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டதிலிருந்து உங்களில் பலர் போய்வந்திருப்பீர்கள். போகாதவர்களும் மொபைலில் படம் பார்த்திருப்பீர்கள். தந்தப் பகடை, பாசிமணி, 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓடு, இவற்றுக்கு முன்னால்தான் எல்லோரும் நின்று பார்க்கிறோம். நான் பேச வந்திருப்பது அந்த அளவுக்குக் கூட்டம் சேராத இரண்டைப் பற்றி. ஒன்று மண், இன்னொன்று எலும்பு.

கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் 70 மாதிரிகள் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. முடிவு 2019-இல் நம் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, காட்டுப்பன்றி, நீலமான், கலைமான், மயில் வரைக்கும் அடையாளம் தெரிந்தது. சில எலும்புகளில் வெட்டுத் தழும்பும் இருந்தது. அப்படியென்றால் அது சமையலுக்குப் போன விலங்கு. சங்க காலத்து மக்கள் எதை வளர்த்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று நேரடியாகச் சொல்லும் சாட்சி இது.

"மாட்டெலும்புதானே, எங்க ஊர் குப்பைமேட்டுல கூடக் கிடக்குமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டுக்கும் வித்தியாசம் எலும்பில் இல்லீங்க, அதோடு சேர்த்து எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது.

வைகைக் கரை மாதிரி இடத்தில் மண் அடுக்கடுக்காகப் படிகிறது. ஆறு கொண்டுவந்த வண்டல், அதன்மேல் மனிதர் நடந்து இறுகிய தரை, சாம்பல், இடிந்த செங்கல், எல்லாவற்றுக்கும் மேலே இன்றைய உழவு மண். பொதுவாக, கீழே இருப்பது பழசு. ஆனால் இதை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். பிற்காலத்தில் ஒருவர் குப்பை கொட்டக் குழி வெட்டியிருப்பார். அந்தக் குப்பையில் இருந்த ஆட்டெலும்பு, தன்னைவிட ஆயிரம் வருஷம் பழைய மண்ணுக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில் கிடக்கும். டேப் வைத்து ஆழத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே காலம் என்று ஆகிவிடும்!

அதனால்தான் அகழாய்வுக் குழிகளை நேரான சதுரமாக வெட்டி, இடையே ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லை. அந்தச் சுவர்தான் அவர்கள் படிக்கிற பக்கம். சுவரைச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிற வேறுபாடு எழும்பி வரும். விரலால் தேய்த்து மணலா, களியா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் எண் எழுதிய சீட்டைக் குத்தி, கிராஃப் தாளில் வரைந்து, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். பழைய குப்பைக்குழியின் விளிம்பும் இப்படித்தான் கண்ணில் படுகிறது.

எலும்பு தெரிந்தவுடன் பிடுங்கக் கூடாது. தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் சுற்றியுள்ள மண்ணை விலக்கி, கிடந்த கிடையிலேயே படம் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, பைக்குள் போடும்போது இடம், குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டும் உள்ளே போகும். தோண்டிய மண்ணையும் சலிக்கிறார்கள். சலிக்காவிட்டால் மீன் முள்ளும் பறவை எலும்பும் மண்ணோடு போய்விடும். அப்புறம் 'இங்கே யாரும் மீன் சாப்பிடவில்லை' என்று யாராவது எழுதிவைப்பார்கள்.

கீழடியின் காலம் கி.மு. 580 வரை போகிறது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டு மாதிரியை அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் சோதித்துக் கிடைத்தது. அந்த 353-ஐ யாரோ ஒருவர் வெயிலில் குழிக்குள் நின்று அளந்து எழுதியிருக்கிறார். அந்த வேலைக்குக் கிடைக்கிற பாராட்டு குறைவு என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். கிணறு வெட்டும்போது, அஸ்திவாரம் தோண்டும்போது, கண்மாய் தூர்வாரும்போது பழைய பானையோ எலும்போ தட்டுப்பட்டால் முதலில் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். பொருளை வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து, குழியின் சுவரும் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுங்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகி இருக்கட்டும். மனித எலும்பு மாதிரி இருந்தால் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலேயே உள்ளது. "சொன்னா வேலை நின்னு போயிடுமே" என்ற பயம் பலருக்கும் இருக்கிறது, புரிகிறது. ஆனால் அள்ளிக் கொட்டிய மண்ணை மறுபடி அடுக்க முடியாதுங்க.

இன்னொன்று, அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் லொகேஷன் விவரம் அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்வு செய்து அனுப்புங்கள்.