வீட்டில் செய்யும் கிரானோலா



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தால், ஆசிரியர் முதலில் கேட்கும் வினா ஒன்றே: "காலையில் என்ன உண்டாய்?" தலைமையாசிரியனாய் இருந்த ஆண்டுகளில் நானும் அதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். "ஒன்றுமில்லை, ஐயா" என்பதே பெரும்பாலும் விடை. வறுமையால் உண்ணாதவர் சிலர். நேரமின்மையால் உண்ணாதவர் பலர். பின்னவரை எண்ணியே இன்று பேச முற்படுகிறேன்.

கல்லூரியில் பயிலும் என் பேத்தி விடியுமுன் பேருந்துக்கு ஓடுபவள். ஒருநாள் அவள் கிரானோலா என்னும் உணவுப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். "பாலில் இட்டால் போதும், தாத்தா" என்றாள். பெட்டியின் பின்புறத்தை இருவரும் படித்தோம். சேர்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிடுதல் நம் நாட்டு விதி. அவ்வரிசையில் ஓட்ஸுக்கு அடுத்து நின்றது சர்க்கரை. சற்றுக் கீழே குளுக்கோஸ் பாகு. அதற்கும் கீழே தேன். ஓரினமே மூன்று பெயர்களில் பிரிந்து நின்றது!

இவ்வுணவு பிறந்தபோது இனிப்புப் பண்டமன்று. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்னும் ஊரில் நலவிடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்னும் மருத்துவர், 1863 ஆம் ஆண்டில் தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மீண்டும் சுட்டு, அதற்குக் கிரானுலா எனப் பெயரிட்டார். இரவெல்லாம் ஊறினாலன்றி அதனைக் கடிக்க இயலாது. பின்னர், மிச்சிகன் மாநிலத்தில் ஜான் ஹார்வி கெல்லாக் என்னும் மருத்துவர் பல தானியங்களால் அத்தகையதொன்றைச் செய்து அதே பெயரைச் சூட்டினார். எதிர்ப்பு எழவே, பெயர் கிரானோலா ஆயிற்று. ஓட்ஸும் கொட்டைகளும் தேனும் கலந்த இன்றைய வடிவம் 1960களில் பரவியது. நோயாளிக்கென எழுந்த உணவில் இனிப்பு இவ்வாறே குடியேறிற்று. அதன் அளவு நம் கையில் இருக்க வேண்டுமாயின், நாமே செய்துகொள்வதே நேர்வழி.

செய்முறை எளிது. அவல் போல் தட்டிய ஓட்ஸ் 300 கிராம், தோல் நீக்கி உடைத்த நிலக்கடலை 100 கிராம், எள் 30 கிராம் ஆகியவற்றை அடிகனத்த வாணலியில் இளந்தீயில் வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, 3 மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வறுத்தவற்றை அதில் கொட்டிக் கிளறுங்கள். ஈரம் வற்றிப் பொன்னிறம் வரும்வரை கை ஓயலாகாது. பின்னர்த் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள்.

சூட்டில் அது மென்மையாகவே இருக்கும். பதம் வரவில்லையென்று மீண்டும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஆறும்போதுதான் பாகு இறுகி மொறுமொறுப்பு உண்டாகும். உலர்திராட்சை 50 கிராமை ஆறிய பின்னரே கலக்க வேண்டும். முதன்முறை செய்தபோது அதனையும் உடன் வறுத்தேன். திராட்சை கருகி, வாணலி முழுவதும் கசந்தது. பேத்தி சிரித்தாள், நானும் மாணவனானேன். ஈரம் புகாத டப்பாவில் இட்டு வைத்தால் இரண்டு வாரம் வரை கெடாது.

இனி ஒரு சிறு கணக்கு. மொத்தம் ஏறத்தாழ 600 கிராம். வேளைக்கு 50 கிராம் எனில் 12 பங்கு. ஒரு பங்கில் வெல்லம் 6 கிராம் அளவே. வெல்லமும் தேனும் சர்க்கரையின் உறவே என்பதை மறவாதீர்கள். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 2,000 கலோரி உண்பவர்க்கு அது 50 கிராம். நம் பங்கு அவ்வெல்லைக்குள் எங்கே நிற்கிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். கடைப்பெட்டியையும் அவ்வாறே அளந்து பாருங்கள்.

பேத்தி இப்போது ஞாயிறுதோறும் தானே செய்கிறாள். டப்பாவின்மேல் ஒரு தாள் ஒட்டி, செய்த நாளையும் இட்ட வெல்லத்தின் எடையையும் எழுதி வைக்கிறாள். சென்ற வாரம் அதில் 75 என்பது 60 ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை; ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி உண்டேன்.