இறைவன் ஊதிய மூச்சு



மண்ணால் உருவாக்கிய மனிதனுக்குள் ஆண்டவர் தம் மூச்சை ஊதியதாகத் தொடக்க நூல் சொல்கிறது. உயிர்த்த இயேசுவும் சீடர்கள்மேல் ஊதியே தூய ஆவியைக் கொடுத்தார். மனிதனின் மூச்சு இறைவனின் கொடை. அதைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

நம் வீட்டு செப்டிக் டேங்கிலும் தெருவின் பாதாளச் சாக்கடையிலும் இறங்கும் சகோதரரின் மூச்சு என்ன ஆகிறது? மூடிக் கிடக்கும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று அவர் நம்பி இறங்குவார். காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியில் தேங்கி நிற்கும். மூளையும் இதயமும் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகும். சில மூச்சுகளிலேயே சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பிக்கும் அதே கதி.

ஏறி வந்தவரும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. நாள்தோறும் உள்ளே போகும் வாயுவும் கிருமியும் இருமலையும் மூச்சிளைப்பையும் தரும். எலிக்காய்ச்சல் முற்றினால் நுரையீரலில் இரத்தம் கசியும், இதயத் தசையும் பாதிக்கப்படும். ஊரோ, "குடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான்" என்று எளிதாகச் சொல்லிவிடும்.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைக் குழியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்; முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் நின்ற மூச்சைத் திருப்பித் தராது.

ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், குழி நிரம்பியதும் எந்தத் தெருவில் போய் ஆள் தேடுகிறோம்? அந்தத் தெருவுக்கு ஒரு சாதிப் பெயர் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே பலிபீடத்தை நெருங்குகிறோம்.

ஆகவே, இந்த வாரம் வீட்டில் பேசி ஒரு முடிவெடுங்கள்: நம் தொட்டிக்குள் எந்த மனிதரும் இறங்கக் கூடாது. கழிவு உறிஞ்சும் லாரியை அழையுங்கள். செலவு கூடினாலும் அழையுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். 101 அல்லது 112க்கு உடனே சொல்லுங்கள். உங்கள் தெருவின் தூய்மைப் பணியாளரிடம், "மூச்சு வாங்குதா அண்ணே?" என்று கேளுங்கள். காய்ச்சலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் செய்யும் வேலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மூச்சைத் தந்த ஆண்டவர், அந்தச் சகோதரரின் மூச்சைக் காக்கும் மனத்தை நமக்கும் தருவாராக. ஆமென்.