ஏடும் அச்சும் திரையும்



இல்லந்தோறும் இன்று ஒரு வழக்கு நடைபெறுகின்றது. "கைப்பேசியில் படிப்பது படிப்பாகுமா?" என்பர் பெரியோர். "நூலகமே கையில் இருக்கத் தாள் எதற்கு?" என்பர் மாணவர். இரு தரப்பாரும் கருவியைப் பற்றியே வாதிடுகின்றனர், வாசிப்பை மறந்துவிடுகின்றனர்.

சமண மரபு நூற்பயிற்சியை உள்தவங்களுள் ஒன்றாகக் கொண்டது. தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐவகையாகப் பகுக்கின்றது: வாசித்தல், வினாவுதல், சிந்தித்தல், ஓதிப் பயிலுதல், அறமுரைத்தல். நூலின் வடிவைத் தேர்வதற்கும் இவ்வைந்தே உரைகல்லாகும்.

கிடைத்தற்கரிய நூலைத் தேடி வாசிப்பதற்கு மின்னூல் பெருந்துணை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை விலையின்றி வழங்குகின்றன. சொல்லைத் தேடலாம், கண்பார்வை குன்றியோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

ஆழ்ந்து சிந்தித்தற்கோ அச்சு நூலே ஏற்றது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, செய்தி கூறும் பாடங்களைத் தாளில் படித்தோர் திரையில் படித்தோரினும் நன்கு விளங்கிக்கொண்டனர் எனக் காட்டியது. நேரம் வரையறுக்கப்பட்டபோது அவ்வேறுபாடு மிகுந்தது. கதை வாசிப்பில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, தேர்வுப் பாடத்தைத் தாளிலும், கதையை விரும்பிய வடிவிலும் மாணவர் படிக்கலாம். திரையில் படிக்குங்கால் அறிவிப்பொலிகளை நிறுத்திவைப்பதும், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதும் நலம்.

எனினும், நூலைக் காப்பது வடிவம் அன்று, படிப்போரே. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்த காலத்தில், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் அந்நூல் பாடமாகப் படிக்கப்பட்டு வந்தது. அவ்வில்லத்தாரை வினவி ஐயம் தெளிந்த பின்னரே, 1887-இல் அவர் அதனை அச்சேற்றினார். ஏடு மட்டும் இருந்து, பொருள் சொல்வார் இல்லாதிருந்தால், அப்பதிப்பு எத்துணை இடர்ப்பட்டிருக்கும்! திருத்தக்கதேவரின் காப்பியம் இன்று அச்சிலும் திரையிலும் உள்ளது. ஆயின், அதனைப் படித்துப் பொருள் கூறும் இல்லங்கள் எத்தனை உள்ளன?

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தில் மாலைப் பொழுது நீண்டது. அதில் கால்மணி நேரம் போதும். பேரன் திரையிலோ தாளிலோ ஒரு பாடலைப் படிக்கட்டும். பாட்டி பொருள் சொல்லட்டும். பேத்தி வினா எழுப்பட்டும். விடை தெரியாவிடின் மூவரும் சேர்ந்து தேடட்டும். வாசிப்பு அவ்வில்லத்தில் வாழும், நூலும் வாழும்.