கடல்மட்டத்திலிருந்து ஒரு பயணம்

ஒருபுறம் புத்தளக் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாகக் கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்கரையில் உள்ளது எங்கள் தலவில. புனித அன்னாள் ஆலயத்தின் ஆகஸ்டுப் பெருவிழாவிற்கு வருவோர் அரிசி, பானை, கூடாரத் துணி யாவற்றையும் கணக்கிட்டுக் கட்டிக்கொண்டு வருவதைச் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். அத்தகைய கணக்கொன்றில் இப்போது நானும் இறங்கியிருக்கிறேன். என் தமக்கையாரும் நானும் சீன நாட்டிற்கும் திபெத்தியப் பண்பாடு வழங்கும் நிலங்களுக்கும் செல்லத் திட்டமிட்டுள்ளோம். அத்திட்டம் பலமுறை மாறிற்று.

முதலில் கயிலாயம் என்பதே பேச்சு. தமக்கையார் சைவப்பற்று மிக்கவர். வயது அறுபத்து மூன்று. காலஞ்சென்ற அத்தானோடு அவர் செல்ல நினைத்திருந்த இடம் அது. மானசரோவர் ஏரியே கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. மலையை வலம்வரும் பாதை 52 கிலோமீற்றர். அதன் உச்சியாகிய டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேற்பட்டது. அங்கே காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான்.

தமக்கையாருக்கு இரத்த அழுத்தமும் இளைப்பும் உண்டு. 3,000 மீற்றருக்கு மேலே சென்றால், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது என்றும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்றும் வைத்தியர் விளக்கினார். பின்பு, கயிலாயம் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். தமக்கையார் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

"அப்பர் பெருமான் தவழ்ந்தே போனாரே, தம்பி" என்றார் மூன்றாம் நாள்.

"அப்பரும் கயிலாயம் போய்ச் சேரவில்லையே, அக்கா. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் அல்லவா எழுந்தார்? அங்கேதானே காட்சி கிடைத்தது?" என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் தேசப்படத்தை விரிக்க இடந்தந்தார்.

திபெத்தியப் பண்பாடு திபெத்துத் தன்னாட்சிப் பகுதியோடு முடிந்துவிடுவதன்று. சிங்காய், கான்சு, சிச்சுவான், யுன்னான் ஆகிய மாகாணங்களிலும் திபெத்திய மக்களும் மடங்களும் உண்டு. லாசாவுக்குச் செல்லும் வெளிநாட்டார் சீன விசாவோடு தனி அனுமதியும் பயண முகவர் வாயிலாக முன்கூட்டியே பெறவேண்டும். சிங்காய், கான்சு மாகாணங்களிற் பெரும்பாலும் இக்கட்டுப்பாடு இல்லை.

ஆகவே எங்கள் வழியை நாளால் அளவாமல் உயரத்தால் அளந்தோம். முதலில் சீயான், அது 400 மீற்றர் அளவே. அடுத்து லாஞ்சவு, 1,500. பின்பு சினிங், ஏறத்தாழ 2,270. அங்கே மூன்று இரவுகள். திபெத்திய பௌத்தத்தின் பேராசான் சோங்கபா 1357இல் பிறந்த இடத்தில் எழுந்த கும்பும் மடம் அருகிலேயே உள்ளது. 3,200 மீற்றர் உயரத்துச் சிங்காய் ஏரியைப் பகலிற் பார்த்து மீள்வோம், இரவு தங்கோம். இறுதியாக லாபிராங் மடம். 1709இல் நிறுவப்பட்டது, உயரம் 2,900 மீற்றர் அளவு.

சினிங்கிலிருந்து லாசாவுக்குப் புகையிரதம் 2006 முதல் ஓடுகிறது. 1,956 கிலோமீற்றர் தூரம். வழியில் 5,072 மீற்றர் உயரத்துத் தங்குலா கணவாயைக் கடப்பதால் பெட்டிகளிற் பிராணவாயு வசதி உண்டு. "சினிங்கில் என் உடம்பைப் பார்த்துத் தீர்மானிப்போமே" என்றார் தமக்கையார். அனுமதிச்சீட்டு அப்படிக் காத்திராது. லாசாவையும் விட்டோம். இதை எழுதும்போது எனக்கும் வருத்தமே.

சீயான் நகரத்தை நான் வற்புறுத்தியதற்கு வேறொரு காரணமுண்டு. அது பழைய சாங்கான். பாகியான் என்னும் சீனத் துறவி 399ஆம் ஆண்டில் அங்கிருந்தே புறப்பட்டார். கான்சு வழியாக நடந்து, மலைகளைக் கடந்து, பாரதம் கண்டு, கப்பலேறி நம் இலங்கைக்கு வந்து இரண்டாண்டு தங்கினார். அநுராதபுரத்திலே புத்தர் சிலையின் முன் வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைப் படைக்கக் கண்டபோது, தம்மையறியாது கண்ணீர் விட்டதாக அவரே எழுதியுள்ளார். கூட வந்தவர்களிற் சிலர் பிரிந்தனர், சிலர் இறந்தனர். வரலாற்றுப் பாடத்தில் இந்த விசிறியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். தமக்கையார் மரக்கறி உணவினர். திபெத்தியர் வறுத்த வாற்கோதுமை மாவைச் 'சம்பா' என்பர் என்றேன். நம் சம்பா அரிசியே அங்கும் கிடைக்கும் என்று அவர் மகிழ்ந்துவிட்டார். உண்மையை விளக்கியபின், பொரித்த மிளகாயும் அரிசி மாவும் மூட்டையிற் சேர்ந்தன.

லாபிராங்கைச் சுற்றி அடியார்கள் பிரார்த்தனை உருளைகளைக் கையால் உருட்டிக்கொண்டு வலம்வரும் பாதை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அத்தானின் பெயரைச் சொல்லி அதனை ஒருமுறை சுற்றுவதாகத் தமக்கையார் தீர்மானித்திருக்கிறார். அதற்காக நாள்தோறும் விடியற்காலையில் ஆலயத்தடியிலிருந்து மீன் வாடிகள் வரை மணலில் நடக்கிறோம். முதல் வாரத்தில் மூன்று இடங்களில் உட்கார்ந்தார். நேற்று ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார். அதுவும் கரைவலை இழுப்பதைப் பார்ப்பதற்காக என்றார்.