எந்த ‘இங்கே’?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்கள். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். அன்று கணினியைக் கண்ணால் கண்டதில்லை. இன்று எங்கள் வகுப்பு லண்டன், ரொறன்ரோ, மெல்பேண், கொழும்பு என்று பரந்து கிடக்கிறது. கைத்தொலைபேசியில் வந்து சேரும் இணைப்புகள்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு சிறிய விடயத்தைச் சொல்ல வந்தோம்.

நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய படங்களையும் கட்டுரைகளையும் தொகுத்து, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். “விளையாட்டுப் போட்டிப் படங்களுக்கு இங்கே அழுத்தவும்”, “கட்டுரைகளுக்கு இங்கே அழுத்தவும்” என்று பதினொரு இணைப்புகள். நீல நிறத்தில் இருந்தது ‘இங்கே’ என்ற சொல் மட்டும்தான்.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சருக்கும் அது போனது. குளோக்கோமாவால் அவர் பார்வையை இழந்து சில வருடங்கள். கைத்தொலைபேசி வாசிக்க, அவர் கேட்பார். இணைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் செய்து, வேண்டியதைத் தெரிவதுதான் அவர் வழக்கம். அன்று அவருக்குக் கேட்டது: இங்கே, இங்கே, இங்கே... பதினொரு தடவை.

இரவே அழைப்பு வந்தது. “பிள்ளையள், எல்லாம் இங்கே எண்டால், எந்த இங்கே?”

எங்களில் சிலர் வைத்தியர்கள். குளோக்கோமாவால் போன பார்வையைத் திருப்பித் தர எங்களால் முடியாது. ஆனால் அந்தப் பதினொரு சொற்களைத் திருத்தப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது.

செய்முறை இதுதான். கணினியில் மின்னஞ்சலையோ ஆவணத்தையோ எழுதும்போது, இணைப்பாக வேண்டிய சொற்களைத் தெரிவு செய்யுங்கள். கொன்ரோல் விசையுடன் ‘கே’ எழுத்தை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் முகவரியை ஒட்டுங்கள். அவ்வளவுதான். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்ணர்ஸ் லீ வகுத்த எச்ரிஎம்எல் மொழியில் இணைப்புக்குரிய குறி ‘ஏ’. அது ‘அங்கர்’ என்பதன் முதலெழுத்து; நங்கூரம் என்று பொருள்.

நங்கூரத்தை எந்தச் சொல்லில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். ‘இங்கே’யில் போடாமல், ‘விளையாட்டுப் போட்டிப் படங்கள்’ என்ற சொற்களிலேயே போடுங்கள். வட்ஸ்அப்பில் சொற்களுக்குள் முகவரியை வைக்க முடியாது. அங்கே முகவரிக்கு மேலே, அது என்ன, யார் எழுதியது என்று ஒரு வரி சேருங்கள்.

இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமான உதவி அல்ல. டெங்குக் காலத்தில் “இதைப் பாருங்கோ” என்று ஓர் இணைப்பு வரும். அஸ்பிரினும் இபுபுரூபனும் எடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையா, யாரோ சொன்ன கைவைத்தியமா, திறக்கும்வரை தெரியாது. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த நேரம் பெரிது. சொல்லும் பொய் சொல்லலாம். வங்கியின் பெயரைக் காட்டி வேறெங்கோ கொண்டுபோகலாம். சந்தேகம் வந்தால் திறவாதீர்கள். இணைப்பின் மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால், பெரும்பாலும் உண்மையான முகவரி தெரியும்.

திருத்திய மின்னஞ்சலை மறுநாள் அனுப்பினோம். ரீச்சர் மீண்டும் அழைத்தார். “கட்டுரை முழுக்கக் கேட்டன். ரெண்டாவது பந்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சுது.”

அந்த ஒற்றையும் போட்டுவிட்டோம். இனி எதை அனுப்பினாலும், அனுப்பும் முன் இணைப்புச் சொற்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். கேட்பவருக்குப் போகுமிடம் விளங்கினால், அனுப்புங்கள்.